கண்ணச் சிமிட்டு தாயி

மூன்று வருஷம் கழித்து ஆகஸ்டில் ஊருக்குப் போய் இருபத்திரண்டு நாள் இருந்தேன். பேங்க் வேலை, அம்மாவின் கண் ஆபரேஷன் எல்லாம் நல்லபடியாக முடிந்தன. அதில் எழுத ஒன்றுமில்லை. ஒரு பாக்கெட் சத்துமாவுக்கு ஒன்றரை நாள் நின்றேனே, அதைத்தான் லண்டன் ஈஸ்ட் ஹாமுக்குத் திரும்பிய பிறகும் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். அம்மாவுக்கு ஒத்தாசையாக வரும் பெண்ணுக்கு ஒன்றரை வயதில் பையன். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு நேரே தீப்பெட்டி ஆபீஸுக்குப் போவாள். வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனி. "பால்வாடியில போன மாசம் மாவு தரலக்கா. செல்லுல மூஞ்சி விழலைன்னு டீச்சர் சொல்றாக" என்றாள். எனக்கு சுருக்கென்று வந்தது. "வா, நானும் வாரேன். எப்படித் தராமப் போறாங்கன்னு பாப்போம்." வெளிநாட்டிலிருந்து வந்தவளுக்கு முதல் வாரம் இருக்கும் வீரம்.

போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்த பால்வாடி அது. எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் சத்துணவைத் தொடங்கியபோது எனக்கு மூன்று வயது. உலக வங்கிக் கடனில் 1980-ல் தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டமும் எங்கள் ஜில்லாவுக்கு வந்தது. மாசாமாசம் பிள்ளையைத் தராசில் தொங்கவிட்டு நிறுப்பார்கள். எடை ஏறாத பிள்ளைக்குத் தொண்ணூறு நாள் சத்துருண்டை. நான் கொழுகொழுவென்று இருந்ததால் எனக்குக் கிடையாது. என் தம்பி நோஞ்சான், அவனுக்கு உண்டு. அவன் உருண்டையில் பாதி எப்போதும் என் வாய்க்குத்தான் போனது. அவன் எடை ஏன் ஏறவில்லை என்று அந்தக் காலத்து டீச்சர் மண்டையை உடைத்துக்கொண்டது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

கட்டடம் இப்போது டைல்ஸ், சுவரில் யானை, மயில். பாயில் இருபது உருப்படி தேறும். ஒரு டீச்சர், ஒரு ஆயா. ஆயா அடுப்படியில் முட்டை உரித்துக்கொண்டிருந்தார். அப்படியானால் இருபதுக்கும் ஒரே ஆள். இங்கிலாந்தில் இரண்டு வயதுப் பிள்ளைகள் ஐந்து பேருக்கு ஒரு ஆள் வேண்டும் என்று சட்டம். என் மகளுக்கு முட்டை கொடுக்கும் முன் மூன்று படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். இங்கே வாரத்துக்கு மூன்று முட்டை, கையெழுத்து யாரும் கேட்கவில்லை. அதைப் பார்த்துப் பொறாமைப்படுவதா பயப்படுவதா என்று தெரியாமல் நின்றேன்.

டீச்சர் செல்லை எடுத்தார். 2025 ஜூலையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோகும் மாவுக்கு முகப்பதிவு கட்டாயம். முதலில் ஆதாரோடு சேர்ந்த நம்பருக்கு ஓடிபி வரும். அந்த நம்பர் வீட்டுக்காரரிடம். வீட்டுக்காரர் திருப்பூரில். அவர் செல்லோ கம்பெனி வாசலில் பெட்டிக்குள். மதியச் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வரும். நாங்கள் போனது பத்தரை மணிக்கு.

ஒன்றேகாலுக்கு அவர் கூப்பிட்டார். புது ஓடிபி போட்டார்கள். "ஏழு... ஒண்ணு... இல்ல, அதும் ஏழு." தப்பு. மறுபடி போட்டால் சிக்னல் போய்விட்டது. மறுபடி போட்டு எண் வந்தபோது, "சூப்பர்வைசர் பாக்காருடீ" என்று அவர் வைத்துவிட்டார். அரை நாள் கூலி போச்சு. நான் குரலை உயர்த்தினேன். "என்னம்மா இது, பிள்ளை வாயில போற மாவுக்கு இவ்வளவு கெடுபிடியா?"

டீச்சர் கோபப்படவில்லை. "எனக்கு இவளத் தெரியாதா? இவ கல்யாணத்துக்கு மொய் எழுதியிருக்கேன். இந்தப் பய பிறந்தப்ப என்ன எடைன்னு கேளுங்க, நோட்டப் பாக்காமச் சொல்லுவேன். நான் சொன்னா செல்லு கேக்குதா?" என்றார். அலமாரியைத் திறந்து காட்டினார். போன மாசப் பாக்கெட் அவள் பெயர் எழுதி ஓரமாக இருந்தது. "வேற யாருக்கும் குடுக்கல, எடுத்துத்தான் வச்சிருக்கேன்." நான் சண்டை போட வந்த ஆள் அங்கே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. சொன்னதைத் திருப்பி விழுங்கவும் தெரியவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

இதில் எனக்கு எகிற என்ன தகுதி என்று ராத்திரி யோசித்தேன். இங்கிலாந்தில் வேலைக்குப் போகும் பெற்றோருக்கு வாரம் முப்பது மணி நேர நர்சரி இலவசம் என்பார்கள். அதற்குப் பதினோரு இலக்க எண் ஒன்று உண்டு. மூன்று மாசத்துக்கு ஒருமுறை இணையத்தில் போய், 'இன்னும் அதே வேலைதான், அதே பிள்ளைதான்' என்று உறுதி சொல்ல வேண்டும். ஒருதரம் மறந்தேன். வந்த பில்லைப் பார்த்து என் வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வருமானம் குறைந்த குடும்பத்து இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பதினைந்து மணி நேரம், அதுவும் வருஷத்தில் 38 வாரக் கணக்கு. மற்ற வாரங்களில் அந்தப் பிள்ளை எங்கே போகும் என்று அங்கே யாரிடமும் நான் எகிறியதில்லை. ஊரில்தான் எனக்கு வாய்.

மறுநாள் அவள் வீட்டுக்காரர் ஒரு மணி நேரம் பெர்மிஷன் போட்டுக் காத்திருந்தார். ஓடிபி முதல் தடவையே சரி. அடுத்தது முகம். உள்ளே வெளிச்சம் போதவில்லை என்று வாசல் வேம்படிக்கு வந்தோம். ஆடி முடிந்தும் காற்று ஓயவில்லை. கரிசல் புழுதியோடு முடி முகத்தில் விழுகிறது, செல் மாட்டேன் என்கிறது. நான் பின்னால் நின்று அவள் முடியைக் கையால் அழுத்திப் பிடித்தேன். இப்போது திரையில் இரண்டு முகம், அதற்கும் மாட்டேன் என்கிறது. குனிந்துகொண்டு பிடித்தேன். "ஆதார்ல பள்ளிக்கூடத்துப் படம், ரெட்டைச் சடை. இப்பப் பிள்ளை பெத்து முகமே மாறிப்போச்சு" என்றார் டீச்சர். பிறகு, "கண்ணச் சிமிட்டு தாயி" என்றார். அவள் சிமிட்டவில்லை. இடுப்பில் இருந்த பயல் சிமிட்டினான். பாயிலிருந்து எழுந்து வந்து வேடிக்கை பார்த்த வாண்டுகளும் வரிசையாகச் சிமிட்டின.

ஐந்தாவது தடவை பச்சை டிக் விழுந்தது. டீச்சர், "அப்பாடா" என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த மாசமும் இதே முகத்தைக் காட்டணுமாம். ஓடிபி மட்டும் வேண்டாமாம்.

சாயங்காலம் அவள் எங்கள் அடுப்படியிலேயே மாவைக் கிண்ணத்தில் கொட்டி, வெந்நீர் தெளித்து உருட்டினாள். வறுத்த கோதுமை, கேழ்வரகு, வெல்லம். பயலுக்கு மூன்று உருண்டை. கடைசியாக ஒன்றை என்னிடம் நீட்டினாள். "ருசி பாருங்கக்கா." வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். பாதியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு மீதியைப் பயல் கையில் கொடுத்தேன்.

மெல்போர்னில் ராத்திரி பதினொன்றரை இருக்கும். தம்பிக்கு வீடியோ கால் போட்டேன். தூக்கக் கலக்கத்தில் எடுத்தவன் என் வாய் அசைவதையும் பயல் கையில் இருந்ததையும் பார்த்தான்.

"இவன்கிட்டயும் பாதியா?" என்றான்.