நீர்க்கடுப்புக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஆறு மாத்திரைகள்

சென்ற மாதம் என் தாயாருக்கு நீர்க்கடுப்பு வந்தபோது, ஞாயிற்றுக்கிழமை மருத்துவர் இருக்க மாட்டார் என்று எண்ணி, தெருமுனை மருந்துக் கடையில் விவரத்தைச் சொல்லி மாத்திரை கேட்டேன். கேட்டது என் தவறுதான். கடைக்காரர் மருந்துச் சீட்டைக் கேட்கவில்லை, நோயாளிக்கு வேறு நோய் உண்டா என்றும் விசாரிக்கவில்லை. அட்டையிலிருந்து ஆறு மாத்திரைகளைக் கத்தரித்து, "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, மூணு நாள்ல சரியாயிடும்" என்று கொடுத்தார். கத்தரித்த துண்டில் மருந்தின் பெயர் பாதிதான் இருந்தது. காலாவதித் தேதியும், மருத்துவர் சீட்டு தேவை என்பதைக் குறிக்கும் சிவப்புக் கோடும் கடையிலேயே தங்கிவிட்டன.

இரண்டாம் நாள் விடியற்காலை மூன்று மணிக்கு அம்மாவின் இரவிக்கை வியர்வையில் நனைந்திருந்தது. கை நடுங்கியது, பேச்சு குழறியது. இரத்தச் சர்க்கரையை அளக்கும் குளுக்கோமீட்டர் 52 என்ற மிகக் குறைந்த அளவைக் காட்டியது. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தபின் சற்றுத் தெளிந்தார்.

காலையில் அந்தத் துண்டைப் பார்த்த மருத்துவர், அது சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் (கிருமிக்கொல்லி மருந்து) என்றும், சர்க்கரை நோய்க்கு அம்மா சாப்பிடும் கிளிமெபிரைடுடன் சேரும்போது இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடக்கூடும் என்றும் விளக்கினார். போதாக்குறைக்கு, இரவில் அம்மா அதனுடனேயே கால்சியம் மாத்திரையையும் விழுங்கியிருந்தார். கால்சியம் அந்த மருந்தை உடல் முழுமையாக உறிஞ்சவிடாமல் தடுக்கும். ஆக, தீங்கும் நேர்ந்தது, பயனும் அரைகுறையாகப் போனது.

சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் ஈ.கோலை கிருமி இருந்தது. சிப்ரோஃப்ளாக்சசினுக்கு அது கட்டுப்படாது என்றும் தெரிந்தது. மாத்திரை தொடங்குவதற்கு முன்பே மாதிரி எடுத்திருக்க வேண்டும், பிறகு எடுத்தால் கிருமி தென்படாமலும் போகலாம் என்று மருத்துவர் கடிந்துகொண்டார். காய்ச்சலோ முதுகு வலியோ இல்லை, சிறுநீரகமும் சரியாக இயங்குகிறது என்று உறுதி செய்துகொண்ட பின்னரே, நைட்ரோஃபுரான்டோயின் என்ற வேறொரு ஆன்டிபயாடிக் 100 மி.கி. மாத்திரையை உணவோடு இருவேளை, ஏழு நாட்களுக்கு எழுதினார். சிறுநீர் பழுப்பு நிறமாகப் போனால் பயப்பட வேண்டாம், மூன்றாம் நாள் எரிச்சல் நின்றாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று அவர் முன்கூட்டியே சொல்லியிராவிட்டால், அம்மா இரண்டாம் நாளே அதைத் தூக்கி எறிந்திருப்பார்.

மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் அளிக்கலாம் என்று கடைக்குத் திரும்பிச் சென்று ரசீது கேட்டேன். "ஆறு மாத்திரைக்குப் பில்லா?" என்று கடைக்காரர் சிரித்தார். அங்கே வாங்கியதற்குச் சான்றாக என்னிடம் இருப்பது, பாதிப் பெயர் கொண்ட அந்த அட்டைத் துண்டு மட்டுமே.