மூணு கோடு மெனுவா, கீழ இருக்கற டேப் பாரா?

மொபைல் ஆப்ல மெனுவ எங்க வைக்கறதுன்னு கேட்டா நான் கீழ டேப் பார்னுதான் சொல்வேன், அதாவது ஸ்க்ரீன் அடில வரிசையா இருக்கற பட்டன்கள். தொட்டா மெனு திறக்கற மூணு கோடு ஐகான் புதுசு இல்ல, 1981ல வந்த ஜெராக்ஸ் ஸ்டார் கம்ப்யூட்டர்லயே இருந்துச்சு, டிசைனர் நார்ம் காக்ஸ் வரைஞ்சது. இடம் மிச்சம்தான், எத்தன லிங்க் இருந்தாலும் உள்ள போட்டு மூடிடலாம், ஆனா மூடி வெச்சத யாரு தேடிப் பாப்பாங்க? அதுவும் பெரிய ஸ்க்ரீன்ல மேல இடது மூலைல இருக்கும், ஒரு கைல போன பிடிச்சிருக்கறப்போ கட்டைவிரல் எட்டவே எட்டாது, போன கைக்குள்ளயே நகத்தி நகத்தி தொடணும், அப்பதான் கை நழுவும்.

டேப் பார் விரல் இருக்கற இடத்துலயே இருக்கு, எந்தப் பக்கத்துல இருக்கோம்னும் தெரியுது. ஸ்பாட்டிஃபை கூட 2016ல ஐபோன்ல மூணு கோட்ட விட்டுட்டு இதுக்குத்தான் மாறுச்சு. ஒரே கஷ்டம், கூகுளோட டிசைன் வழிகாட்டியான மெட்டீரியல் டிசைன் சொல்றபடி 3லேர்ந்து 5 பட்டன்தான் வைக்கணும், அதுக்கு மேல திணிச்சா பட்டன் சின்னதாகி பக்கத்து பட்டன்ல விரல் படும். ஐகான் மட்டும் போட்டு பேர் போடாம விடறது இன்னொரு கொடுமை, தயவுசெஞ்சு பேர் போடுங்க.

செட்டிங்ஸ், ஹெல்ப் மாதிரி எப்பவாவது தொடறதுக்கு மூணு கோடு போதும். டெஸ்க்டாப்ல ரெண்டுமே வேணாம், அவ்ளோ இடம் இருக்கே, மெனுவ மேல அப்படியே விரிச்சு காட்டுங்க.