ரிச்சி தெருவில் 15 அங்குல ஸ்பீக்கர்: சென்னைப் பயண அனுபவம்

நடுத்தர விலையில் வாங்கிய பாக்ஸில் இருக்கும் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, அதைவிட உயர்ந்த நிறுவனத்தின் ஸ்பீக்கரை அதே துளையில் பொருத்தினால் ஒலியும் அதே அளவு உயர்ந்துவிடும் என்ற நம்பிக்கை, சிறிய சபாக்களிலும் கோயில் நிர்வாகங்களிலும் குடியிருப்போர் நலச் சங்கங்களிலும் பரவலாக இருக்கிறது. இந்த முறை சென்னைக்கு வந்தபோது, பெரம்பூரில் எங்கள் தெருவின் நலச் சங்கத்துக்குச் சொந்தமான ஒரு ஜோடி பாக்ஸ்களைச் சீராக்கித் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. டொராண்டோவில் வார இறுதிகளில் தமிழ் நிகழ்ச்சிகளுக்கு ஒலியமைப்புச் செய்து வருபவன் என்ற முறையில் இதை ஏற்றுக்கொண்டேன். இங்கே கிடைக்கும் சேவைகளில் எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கக் கூடாது என்பது ஊருக்கு வரும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

பாக்ஸ் ஒவ்வொன்றிலும் ஒரு 15 அங்குல ஸ்பீக்கரும், அதற்கு மேலே உயர்ந்த சுருதிகளை ஒலிக்கும், 1 அங்குல வாய் கொண்ட ஹார்ன் டிரைவர் யூனிட்டும் இருந்தன. உள்ளே ஆம்ப்ளிஃபயர் கிடையாது. பிளைவுட் பெட்டி, பின்பக்கம் தாழ்ந்த சுருதிகளை ஸ்பீக்கருக்கும் உயர்ந்தவற்றை ஹார்னுக்கும் பிரித்தனுப்பும் ஒரு கிராஸ்ஓவர் பலகை, அவ்வளவுதான். ஒரு ஸ்பீக்கரில் ஒலியெழுப்பும் கூம்பான கோன் கிழிந்திருந்தது. மற்றொன்றில் பேஸ் வரும்போதெல்லாம், கோனை அசைக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் உரசும் சத்தம் கேட்டது. ஹார்ன் இரண்டும் வேலை செய்தாலும், மேடையில் பேசுபவரின் சொற்கள் பின்வரிசைக்குப் போய்ச் சேரும்போது மழுங்கிவிடுவதாக எல்லோரும் குறைப்பட்டார்கள். சங்கச் செயலாளர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அண்ணே, 400 வாட்ஸ எடுத்துட்டு 800 வாட்ஸ் ஸ்பீக்கரா போட்டுடலாமா?" என்பதுதான்.

அந்தக் கேள்விக்கு விடை சொல்வதிலிருந்துதான் எந்த மேம்பாடும் தொடங்க வேண்டும். ஸ்பீக்கரின் முதுகில் அச்சிட்டிருக்கும் வாட்ஸ், அது எரியாமல் தாங்கக்கூடிய மின்திறனையே குறிக்கிறது. எவ்வளவு ஒலி தரும் என்பதைக் குறிப்பதில்லை. அதிலும் தொடர்ந்து தாங்கும் அளவு, அதன் இருமடங்கான புரோகிராம் அளவு, நான்கு மடங்கான பீக் அளவு என மூன்று எண்கள் புழக்கத்தில் இருக்கின்றன. கடைக்காரர் சொல்வது பெரும்பாலும் இவற்றில் பெரியதாகத்தான் இருக்கும். சங்கத்திடம் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் 8 ஓம் சுமையில் ஒரு பக்கத்துக்கு 300 வாட்ஸ் தருவது. 800 வாட்ஸ் தாங்கும் ஸ்பீக்கரை மாட்டினாலும் அதற்குப் போவது அதே 300 வாட்ஸ்தான். ஆம்ப்ளிஃபயரையும் சேர்த்து மாற்றி மின்திறனை இருமடங்காக்கினாலும் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. 1 வாட்டில் 1 மீட்டர் தொலைவில் 95 டெசிபல் தரும் ஸ்பீக்கருக்குப் பதிலாக 98 டெசிபல் தரும் ஸ்பீக்கரைப் போட்டால், ஆம்ப்ளிஃபயரைத் தொடாமலேயே அதே 3 டெசிபல் கிடைத்துவிடும். எனவே வாட்ஸுக்கு முன்பாகக் கேட்க வேண்டியது இந்த உணர்திறன் எண்ணைத்தான்.

வெப்பத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடும். நீண்ட நேரம் முழு அளவில் ஓடும் வாய்ஸ் காயில் 150 டிகிரி சூடேறினால் அதன் தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேல் உயர்ந்து, ஆம்ப்ளிஃபயரிலிருந்து அது இழுக்கும் மின்திறன் குறைந்து, ஒலியும் தணிந்துவிடும். நிகழ்ச்சி தொடங்கும்போது நன்றாகக் கேட்ட பேஸ் இரண்டு மணி நேரத்தில் சோர்ந்துபோவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். உயர்தர ஸ்பீக்கர்களில் 3 அங்குல, 4 அங்குலக் காயில்களும் காற்றோட்டத் துளைகளும் வைப்பது இந்த வெப்பத்தை வெளியேற்றத்தான். மே மாதச் சென்னையில் திறந்தவெளியில் இயங்கும் பாக்ஸ்களுக்கு இந்த வேறுபாடு காதிலேயே தெரியும்.

ஆனாலும் பெரிய காயிலும் பெரிய காந்தமும் கொண்ட ஸ்பீக்கர் எந்தப் பெட்டியிலும் பொருந்திவிடாது. ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961-இல் வெளியிட்ட ஆய்வையும், ரிச்சர்ட் ஸ்மால் 1970-களில் அதை விரிவாக்கியதையும் அடிப்படையாகக் கொண்டு, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் சில அளவீடுகள் தரப்படுகின்றன. இயல்பு அதிர்வெண்ணான எஃப் எஸ், மொத்தத் தணிப்பைக் காட்டும் கியூ டி எஸ், கோனைத் தாங்கும் தொங்கலின் விறைப்புக்குச் சமமான காற்றுக் கொள்ளளவைக் காட்டும் வி ஏ எஸ் ஆகிய மூன்றும் அவற்றில் முக்கியமானவை. 0.45 கியூ டி எஸ் உள்ள எளிய ஸ்பீக்கருக்காக அளவெடுத்துச் செய்த பெட்டியில், வலுவான காந்தத்தால் 0.3-க்கும் கீழே கியூ டி எஸ் உள்ள உயர்ந்த ஸ்பீக்கரைப் பொருத்தினால், நடுச்சுருதிகள் துலங்கிக் கேட்கும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸ் சரிந்துபோகும். பெரும்பணம் செலவழித்தவர், பழைய ஸ்பீக்கரிலேயே தவில் இன்னும் நன்றாகக் கேட்டதே என்று வருந்துவது இதனால்தான். அது அவருடைய காதின் குறையன்று.

ஆகவே கடைத்தெருவுக்குப் போவதற்கு முன்பே பெட்டியை அளந்துகொண்டேன். உள்ளளவைப் பெருக்கிப் பார்த்து, ஹார்னும் குறுக்குச் சட்டங்களும் அடைக்கும் இடத்தைக் கழித்தால் ஏறத்தாழ 85 லிட்டர் வந்தது. ஒரு மடிக்கணினி, ஒரு யூஎஸ்பி ஒலி இடைமுகம், ஒரு ரெசிஸ்டர், ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருள் ஆகியவற்றைக் கொண்டு, ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் ஸ்பீக்கர் காட்டும் மின்தடையின் வரைபடமான மின்மறுப்பு வளைவை எடுத்தேன். பேஸுக்கான காற்றுத் துளையுள்ள பெட்டியில் அந்த வளைவு இரண்டு மேடுகளாக எழும். அவற்றுக்கு இடையிலுள்ள பள்ளமே பெட்டியின் சுருதி. இந்தப் பெட்டிகளில் அது 52 ஹெர்ட்ஸ் அருகில் இருந்தது. இவ்விரண்டு எண்களும் கையில் இருந்தால், எந்த ஸ்பீக்கரின் விவரத்தாளைப் பார்த்தும் அது பொருந்துமா என்பதை வீட்டிலிருந்தே கணித்துவிடலாம்.

சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவுக்கு மெட்ரோவில் வருபவர்கள் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடந்து சென்றுவிடலாம். கழற்றிய ஸ்பீக்கர்களைச் சுமந்து செல்வதானால் ஆட்டோதான் வசதி. ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என நீளும் அந்தச் சந்தையில் கணினி உதிரிப்பாகம் முதல் காலர் மைக் வரை எல்லாம் கிடைக்கும். ஒலிபெருக்கிப் பொருள்களுக்கும் தனிக் கடைகள் உண்டு. ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்ப்பது நல்லது.

புதிய ஸ்பீக்கர் விற்கும் இடங்களில் எனக்குக் கிடைத்த சேவை மனநிறைவு தரவில்லை. கியூ டி எஸ் எவ்வளவு என்று கேட்டபோது, வாட்ஸையும் காந்தத்தின் எடையையும் மட்டுமே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஓரிடத்தில் வெளிநாட்டு நிறுவனப் பெயர் பொறித்த ஒரு ஸ்பீக்கரை வியப்பளிக்கும் குறைந்த விலைக்கு எடுத்துக் காட்டினார்கள். அதன் ஒட்டுச்சீட்டில் எழுத்துகளின் ஓரம் மை கசிந்திருந்தது. வரிசை எண் இல்லை. காந்தத்தின் பின்னால் இருக்க வேண்டிய காற்றுத் துளை, பெயருக்கு ஒரு பள்ளமாக மட்டும் இருந்தது. அதை வாங்கவில்லை. உயர்ந்த ஸ்பீக்கர் வாங்குவதென்று முடிவு செய்தவர்கள், இறக்குமதியாளரின் பெயருடன் ஜிஎஸ்டி ரசீது தரும் கடையில் மட்டுமே வாங்க வேண்டும் என்று அழுத்தமாகவே சொல்கிறேன். விலை கூடுதலாக இருந்தாலும் அதுவே சிக்கனம்.

சென்னையில் மனமாரப் பாராட்ட வேண்டிய சேவை, பக்கச் சந்துகளில் ஒரு மேசையும் ஒரு நாற்காலியுமாக நடக்கும், பழைய ஸ்பீக்கருக்குப் புதிய கோனும் காயிலும் போடும் ரீகோன் வேலைதான். நான் அணுகிய மெக்கானிக் அறுபதை நெருங்கியவர். காயில் உரசிய ஸ்பீக்கரின் கோனை இரண்டு உள்ளங்கைகளாலும் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, "சார், மேக்னட் நல்லா இருக்கு, பிரேம் வளையல. கோன், காயில், ஸ்பைடர் மாத்துனா போதும். இதத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்காதீங்க" என்றார். ஸ்பைடர் என்பது காயிலை நடுவில் தாங்கும் துணி வளையம். விற்பனை லாபம் எதுவும் இல்லாத அந்த அறிவுரை என் கணக்கோடும் ஒத்துப்போனது. பெட்டி அந்த ஸ்பீக்கருக்காகவே செய்யப்பட்டதாகையால், அதே காந்தத்தையும் சட்டத்தையும் வைத்துக்கொண்டு ரீகோன் செய்வதே பேஸுக்கு ஏற்ற வழி.

அவர் வேலை செய்யும்போது அருகிலேயே அமர்ந்து பார்த்தேன். பழைய கோனை பிளேடால் வட்டமாக அறுத்தெடுத்து, சட்டத்தில் ஒட்டியிருந்த பசையைத் தின்னர் ஊற்றி ஊறவைத்துச் சுரண்டினார். பிறகு ஒட்டுநாடாவை மடித்து, காந்தத்தின் நடுத்தண்டைச் சுற்றியிருக்கும் குறுகிய இடைவெளிக்குள் செலுத்திச் சுழற்றி எடுத்தபோது, நாடாவில் செந்நிறத் துருத் துகள்கள் அப்பிக்கொண்டு வந்தன. கடற்காற்று வீசும் ஊரில் மூடாமல் வைக்கப்படும் ஸ்பீக்கர்களில் இடைவெளியின் இரும்பு இப்படித் துருப்பிடிப்பது இயல்பு. உரசல் சத்தத்துக்கு அதுவே காரணமாக இருந்தது. நாடா சுத்தமாக வெளிவரும்வரை பொறுமையாகப் பலமுறை அதைச் செய்தார். புதிய காயில் நட்டநடுவில் நிற்பதற்காக, பழைய எக்ஸ்ரே பிலிமை மெல்லிய பட்டைகளாக வெட்டித் தண்டைச் சுற்றிச் செருகி, அதன் மேல் காயிலை இறக்கி, ஸ்பைடரையும் கோனையும் ஒட்டி, விளிம்பைச் சுற்றிலும் கனமான பொருள்களை வைத்தார். பசை மறுநாள்வரை காய வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இன்னும் ஒரு நாள் கூடுதலாக வைப்பாராம். மறுநாள் பட்டைகளை உருவிவிட்டு, கோனை அழுத்தி உரசல் இல்லை என்று உறுதிசெய்த பின்னரே நடுமூடியை ஒட்டினார். இறுதியாக ஒரு பேட்டரியைத் தொட்டுக் காட்டி, சிவப்பு முனையில் நேர்மின் பட்டதும் இரண்டு ஸ்பீக்கர்களின் கோனும் வெளிப்பக்கமே நகர்கின்றன என்பதைச் சரிபார்த்தார். இதில் ஒன்று மாறியிருந்தால் இரண்டு பாக்ஸ்களின் பேஸும் ஒன்றையொன்று அழித்துவிடும்.

இதற்கான கூலி, பொருளையும் சேர்த்து, தரமான புதிய ஸ்பீக்கரின் விலையில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. டொராண்டோவில் இந்த வகை ஸ்பீக்கருக்கு ரீகோன் செய்யும் ஆளைத் தேடிப் பிடிப்பதே கடினம். பிடித்தாலும் கூலி கட்டுப்படியாகாது. ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். சந்தையில் கிடைக்கும் கோனும் ஸ்பைடரும் நிறுவனத்தின் அசல் பாகங்கள் அல்லவென்றால், எடையும் விறைப்பும் சிறிது மாறி, ஸ்பீக்கரின் இயல்பு அதிர்வெண்ணும் மாறும். எனவே ஒன்று மட்டும் பழுதாகியிருந்தாலும் இரண்டையும் ஒரே வகைப் பாகங்களால் ஒரே நேரத்தில் ரீகோன் செய்ய வேண்டும். எங்களுடையவற்றை வீட்டுக்கு வந்ததும் அளந்து பார்த்தபோது, இரண்டும் ஒன்றுக்கொன்று 2 ஹெர்ட்ஸ் வேறுபாட்டுக்குள் இருந்தன. கையால் செய்த வேலைக்கு இது மிக நல்ல முடிவு.

பேஸில் மிச்சமான பணத்தை ஹார்னில் செலவிட்டோம். பேச்சின் தெளிவு பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில்தான் இருக்கிறது. வல்லின மெய்களின் கூர்மை அங்கேதான் பிறக்கிறது. பாக்ஸில் இருந்த சிறிய டிரைவர் யூனிட்டின் அதிரும் சவ்வான டையாபிரம், கிராஸ்ஓவர் அதற்கு அனுப்பிய 2,000 ஹெர்ட்ஸைச் சிரமப்பட்டே தாங்கிக்கொண்டிருந்தது. அதை நீக்கி, 44 மில்லிமீட்டர் டைட்டானியம் டையாபிரம் கொண்ட இத்தாலியத் தயாரிப்பு ஒன்றை முறையான ரசீதுடன் வாங்கினோம். இங்கே கவனிக்க வேண்டியது பொருத்தும் முறை. 1 அங்குல வாய் கொண்ட யூனிட்டுகளில் திருகி மாட்டுபவை உண்டு, இரண்டு போல்ட் அல்லது மூன்று போல்ட் போட்டு மாட்டுபவையும் உண்டு. பழைய யூனிட்டைக் கழற்றிக் கையோடு கொண்டுபோனால் இந்தக் குழப்பம் வராது.

புதிய யூனிட்டின் உணர்திறன் 108 டெசிபல். கீழே இருக்கும் ஸ்பீக்கருடையதோ 97. அப்படியே இணைத்தால் காதைக் குத்தும். ஆகவே கிராஸ்ஓவர் பலகையில் இரண்டு சிமெண்ட் ரெசிஸ்டர்களைச் சேர்த்து ஹார்னை ஏறத்தாழ 10 டெசிபல் தணித்து, முதுமையில் மதிப்பு மாறிப்போயிருந்த எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களுக்குப் பதிலாக பாலிபுரொப்பிலீன் கெபாசிட்டர்களை வைத்தோம். இந்த உதிரிப்பாகங்கள் ரிச்சி தெருவில் எளிதாகக் கிடைத்தன. பலகையில் ஹார்னோடு தொடராக இணைத்திருந்த சிறு பல்பை எடுக்கவில்லை. அளவுக்கு மீறி மின்சாரம் வரும்போது அது ஒளிர்ந்து, தன் தடையை உயர்த்தி, டையாபிரத்தைக் காப்பதற்காகவே வைக்கப்பட்டது.

வேலை முடிந்தபின் சங்கக் கூடத்தில் ஒரு பள்ளி மாணவி திருக்குறள் ஒப்பித்தார். ஆம்ப்ளிஃபயரின் வால்யூம் முன்பு வைத்த இடத்தைவிடக் குறைவாகவே இருந்தது. ஆனாலும் கடைசி வரிசையில் இருந்த முதியவர்களுக்குச் சீர் பிரித்துக் கேட்டது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல் என்றும் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்றும் வரையறுத்திருக்கும் நகரத்தில், சத்தத்தைக் கூட்டாமல் தெளிவைக் கூட்டும் மேம்பாடே தெருவாருக்கும் நல்லது.

எதிர்வீட்டு இளைஞர் ஒருவர் தம்மிடம் இருக்கும், ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே அமைந்த ஆக்டிவ் பாக்ஸிலும் இதே மாற்றத்தைச் செய்யலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொன்னேன். அந்த வகைப் பாக்ஸின் உள்ளே இருக்கும், ஒலியைக் கணித்துத் திருத்தும் டிஎஸ்பி என்ற சில்லு, குறிப்பிட்ட ஸ்பீக்கரின் குறைகளைச் சரிசெய்யவும் அதன் வெப்ப எல்லைக்குள் ஓட்டவும் தொழிற்சாலையிலேயே அமைக்கப்பட்டது. வேறு ஸ்பீக்கரை மாட்டினால் அந்தத் திருத்தங்களே புதிய குறைகளாகிவிடும். பழுதானால் அதே மாதிரியின் அசல் பாகத்தை மட்டுமே போட வேண்டும்.

ஊருக்கு வரும்போது தங்கள் ஸ்பீக்கர்களைக் கொண்டுவந்து ரீகோன் செய்துகொள்ள நினைப்பவர்கள், ஆடி மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள். அம்மன் கோயில் திருவிழாக்களால் இந்த மேசைகளில் அப்போது வேலை குவிந்திருக்கும். ஃபெரைட் காந்தம் உள்ள 15 அங்குல ஸ்பீக்கரைவிட நியோடிமியம் காந்தம் உள்ளது எடையில் மிகக் குறைவு என்றாலும், வலுவான காந்தங்களுக்கு விமானப் போக்குவரத்தில் கட்டுப்பாடு உண்டு என்பதால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரின் விவரத்தாளை அச்செடுத்துக் கொண்டுவந்தால், மெக்கானிக் காயிலின் விட்டத்தையும் சுற்று உயரத்தையும் அதற்கு ஒப்பப் பார்த்துப் பாகம் தேட முடியும்.