"நாளைக்குக் காலையில பார்க்கலாம்": ஃபெரெட் வளர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

இங்கிலாந்தில் ஒரு சிறு நகரம். நாலரை வயது ஆண் ஃபெரெட் (கீரி மாதிரி நீண்ட உடம்புள்ள வளர்ப்புப் பிராணி), எடை 1.4 கிலோ. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிவாக்கில் வாயில் எச்சில் ஒழுக, முன்னங்கால்களால் வாயைப் பிராண்ட ஆரம்பித்தது. நடுநடுவே சுவரை வெறித்தபடி அப்படியே நின்றுவிடும். கிண்ணத்தைத் தட்டினால் பாய்ந்து வரும் ஜீவன், அன்றைக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வழக்கமாகக் காட்டும் கிளினிக்குக்குப் போன் போட்டதற்கு வரவேற்பில் இருந்தவர் சொன்னது இது: வாயில் எலும்புத்துண்டு ஏதாவது சிக்கியிருக்கும். நாளை காலை எட்டரைக்குக் கொண்டுவாருங்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும், அதனால் ராத்திரி பத்து மணிக்குமேல் எதுவும் சாப்பிடக் கொடுக்காதீர்கள்.

அதிகாலை ஐந்தரைக்கு வலிப்பு வந்தது. அவசர நேர எண்ணில் பேசியவர்கள், ஃபெரெட் எங்களுக்குப் பழக்கமில்லை என்று கைவிரித்தார்கள். எட்டரைக்குக் கொண்டுபோன பிறகும் முதலில் நடந்தது வாய்ப் பரிசோதனை. பின்னங்கால் இழுக்கிறது என்பதால் அடுத்தது முதுகெலும்பு எக்ஸ்ரே. ரத்தச் சர்க்கரையைப் பார்த்தது மதியம் ஒரு மணிக்கு. லிட்டருக்கு 1.7 மில்லிமோல், ஆபத்தான அளவுக்குக் குறைவு. ஃபெரெட் பிழைக்கவில்லை, பில் முழுதாக வந்தது.

எச்சில், வாயைப் பிராண்டுவது, வெறித்த பார்வை, பின்னங்கால் தள்ளாட்டம். மூன்று வயதைத் தாண்டிய ஃபெரெட்டிடம் இவை சேர்ந்து வந்தால் முதலில் நினைக்க வேண்டியது இன்சுலினோமா. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களில் வரும் கட்டி இது. வேண்டாத நேரத்தில் இன்சுலினைக் கொட்டிச் சர்க்கரையைக் கீழே இழுத்துவிடும். வாயைப் பிராண்டுவது குமட்டலால். வாயில் எலும்பு சிக்கினாலும் பிராண்டும்தான், ஆனால் அப்போது சுவரை வெறித்துக்கொண்டு நிற்காது.

இந்த நிலையில் ராத்திரி முழுக்கப் பட்டினி போடு என்பதைவிடக் கெட்ட யோசனை இல்லை. நாய்க்கும் பூனைக்கும் பழகிய விதியை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஃபெரெட்டின் குடல் குட்டை, பெருங்குடல் பை கிடையாது. உள்ளே போன சாப்பாடு மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். நன்றாக இருக்கும் ஃபெரெட்டுக்கே மயக்க மருந்துக்கு முன் நாலு மணி நேரப் பட்டினி போதும். இன்சுலினோமா சந்தேகம் இருந்தால் அதையும் குறைத்து, கிளினிக்கிலேயே கண்காணிப்பில் வைத்துச் செய்ய வேண்டும். பத்து மணி நேரம் என்று யாராவது சொன்னால், சொன்னது டாக்டரா வரவேற்பா என்று கேளுங்கள். டாக்டர்தான் என்றால் வேறு டாக்டரைத் தேடுங்கள்.

வீட்டில் இப்படி ஆனால் செய்ய வேண்டியது: தேனோ சர்க்கரைப் பாகோ ஒரு பட்டாணி அளவு விரலில் எடுத்து, உதட்டைத் தூக்கி வெளிப்பக்க ஈறில் தடவுங்கள். வலிப்பு வந்துகொண்டிருக்கும்போது பற்களுக்கு நடுவே விரலை விடாதீர்கள், தாடை பூட்டிக்கொள்ளும். அப்போது நீளமான பஞ்சுக்குச்சியால் தடவலாம். மயங்கிக் கிடக்கும்போது திரவமாக எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். ஐந்து பத்து நிமிஷத்தில் தலை தூக்கினால், விழுங்க முடிகிறது என்று தெரிந்த உடனே இறைச்சிச் சாப்பாடு கொடுங்கள். சிலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். தெளிந்துவிட்டதே என்று இன்னும் இரண்டு ஸ்பூன் தேனை ஊட்டுவார்கள். கட்டி அந்தச் சர்க்கரையைப் பார்த்து மேலும் இன்சுலினை விடும், ஒரு மணி நேரத்தில் முன்னைவிட மோசமாகச் சரியும். தெளிந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். தெளியாவிட்டால், அல்லது வலிப்பு வந்திருந்தால், தடவிக்கொண்டே காரில் ஏறுங்கள்.

கிளினிக்கில் முதல் வேலையாக ரத்தச் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சொட்டு ரத்தம் போதும். சாதாரண அளவு லிட்டருக்கு 5 முதல் 7 மில்லிமோல் (டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 90 முதல் 125 மில்லிகிராம்). 3.9-க்குக் கீழே இறங்கினால் சந்தேகப்பட வேண்டும். அறிகுறிகளும் இருந்து 3.3-க்குக் கீழே போனால் இன்சுலினோமா என்றே எடுத்துக்கொள்வார்கள். மனிதர்களுக்கான குளுகோமீட்டர் ஃபெரெட் ரத்தத்தில் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். அதனால் விளிம்பில் வரும் எண்ணை வைத்து வாழ்நாள் மருந்து எழுதினால், ஆய்வகத்தில் ஒரு முறை சரிபார்க்கச் சொல்வதில் தப்பில்லை. தேன் தடவிக் கொண்டுபோயிருந்தால் எத்தனை மணிக்கு என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எண் நன்றாக வந்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார்கள்.

பின்னங்கால் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஃபெரெட் எந்த நோயில் சோர்ந்தாலும் முதலில் விடுவது பின்னங்காலைத்தான். சர்க்கரைக் குறைவு, ரத்தசோகை, இதயம், குடல் அடைப்பு எதுவானாலும் நடை தள்ளாடும். விழுந்து அடிபட்டதாகத் தெரியாதபோது நேரே முதுகெலும்பு எக்ஸ்ரேவுக்குப் போவது பணத்துக்கும் நேரத்துக்கும் நஷ்டம்.

மறுபக்கமும் உண்டு. புதிதாக வளர்ப்பவர்கள் பதறுவது பெரும்பாலும் ஃபெரெட்டின் செத்த தூக்கத்தைப் பார்த்து. ஒரு நாளில் 14 மணி நேரத்துக்குமேல் தூங்கும் பிராணி இது. ஆழ்ந்து தூங்கும்போது தூக்கினால் ஈரத்துணி மாதிரித் தொங்கும். ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறதா, உடம்பு கதகதப்பாக இருக்கிறதா பாருங்கள். பிடித்த எண்ணெய்த் தீனியை மூக்கருகே காட்டினால் ஓரிரு நிமிஷத்தில் நாக்கு வெளியே வரும். எழுந்ததும் கொஞ்ச நேரம் நடுங்குவதும் சகஜம். ஈறு வெளுத்து, உடம்பு சில்லென்று இருந்து, மோந்தும் பார்க்கவில்லை என்றால் அது தூக்கம் இல்லை.

அடுத்த பெரிய ஏமாற்றம் குடல் அடைப்பில். இரண்டு வயதுக்குக் கீழே உள்ளவை ரப்பரைக் கண்டால் விடாது: செருப்பு அடி, அழிரப்பர், இயர்போன் முனை, சோபா ஸ்பாஞ்ச். வயதானவற்றில் முடி உருண்டை. நாய் மாதிரி இது வாந்தி எடுத்துக் காட்டிக்கொடுக்கும் என்று காத்திருக்காதீர்கள், பல ஃபெரெட்டுகள் அடைப்போடு ஒரு தடவைகூட வாந்தி எடுக்காது. சாப்பாட்டருகே வந்து மோந்துவிட்டுத் திரும்பிப் போகும், பல்லை நறநறவென்று கடிக்கும், மலம் நூல் மாதிரி மெலிந்து கொஞ்சமாக வரும் அல்லது நின்றே போகும். பல் கடிப்பது வயிற்று வலியின் சத்தம். அதைக் கேட்டால் நாள் கணக்கில் யோசிக்க வேண்டாம். எட்டு மணி நேரம் ஒன்றும் தின்னவில்லை, மலமும் இல்லை என்றால் அன்றைக்கே காட்ட வேண்டும்.

இந்த இடத்தில் வரும் பதில் இரண்டு விதம். பெட் கடையில், முடி உருண்டைக்கான பேஸ்ட் கொடுங்கள் என்பார்கள். உண்மையிலேயே அடைத்திருந்தால் பேஸ்ட்டும் அதன் பின்னால் போய்ச் சேரும், அவ்வளவுதான். ஊசிக்குழாயில் வலுக்கட்டாயமாக ஊட்டுவதும் அப்படியே. கிளினிக்கில், எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, வீட்டுக்குப் போகலாம் என்பார்கள். ரப்பரும் ஸ்பாஞ்சும் எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியவே தெரியாது. குடலில் காற்று தேங்கியிருக்கும் விதத்தை வைத்துத்தான் யூகிக்க வேண்டும். அல்ட்ராசவுண்ட் செய்தார்களா, வயிற்றைக் கையால் அழுத்திப் பார்த்தார்களா என்று கேளுங்கள். ஆரம்பத்திலேயே வயிற்றைத் திறந்து எடுத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். குடல் செத்த பிறகு திறந்தால் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

மலத்தின் நிறம் நல்ல சாட்சி. தார் மாதிரி கறுத்து ஒட்டினால் மேல்குடலில் ரத்தம் கசிகிறது, அன்றைக்கே போங்கள். பச்சையாக, சளிபோல வந்தால் சாப்பாடு செரிக்காமல் வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம். சுறுசுறுப்பாக இருந்து, தின்றுகொண்டும் இருந்தால் ஒரு நாள் பார்க்கலாம். சோர்ந்தால் பார்க்கக் கூடாது. தண்ணீர்ச்சத்து குறைந்ததா என்று பிடரித் தோலை இழுத்துப் பார்க்கும் பழக்கம் ஃபெரெட்டிடம் செல்லாது, அங்கே தோல் தடிமன். ஈறைத் தொட்டுப் பாருங்கள். வழுக்காமல் பிசுபிசுவென்று ஒட்டினால் நீர் வற்றியிருக்கிறது.

ஆண் ஃபெரெட் மணல் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்கி, சிறுநீர் சொட்டுச் சொட்டாக மட்டும் வந்தால் அதை மலச்சிக்கல் என்று நினைத்துவிடாதீர்கள். சிறுநீரகத்தை ஒட்டியிருக்கும் அட்ரினல் சுரப்பியில் வரும் நோயில் புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர்ப்பாதையை அடைத்துவிடும். வால் அடியிலிருந்து முடி கொட்டிக்கொண்டு வந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். நள்ளிரவானாலும் கிளம்ப வேண்டிய கேஸ் இது.

கருத்தடை செய்யாத பெண் ஃபெரெட்டின் ஆபத்து வேறு. இணை சேர்ந்தால்தான் அதற்குக் கருமுட்டை வெளிவரும். சேராவிட்டால் பருவம் அடங்காமல் நீளும், ஈஸ்ட்ரோஜன் ஏறிக்கொண்டே போய் எலும்பு மஜ்ஜையை முடக்கும். வசந்தகாலத்தில் பெண்ணுறுப்பு வீங்கியதைக் கண்டால் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். ஒரு மாதம் தாண்ட விடக் கூடாது. ஹார்மோன் ஊசி, ஹார்மோன் இம்ப்ளான்ட், வாசெக்டமி செய்த ஆணோடு விடுவது, கருத்தடை அறுவை என்று வழிகள் இருக்கின்றன. பருவம் தானே அடங்கிவிடும் என்று சொல்கிற கிளினிக், பூனையை நினைத்துக்கொண்டு சொல்கிறது. ஈறு வெளுத்து, வயிற்றுத் தோலில் ஊசி குத்தியது மாதிரி சிவப்புப் புள்ளிகள் வந்திருந்தால் மஜ்ஜை ஏற்கெனவே அடிவாங்கிவிட்டது. ரத்தம் ஏற்ற வேண்டிவரலாம். ஃபெரெட்டுகளில் ரத்தப் பிரிவுகள் இருப்பதாக இதுவரை கண்டறியப்படவில்லை, ஆரோக்கியமான இன்னொரு ஆண் ஃபெரெட்டே கொடை தரலாம். வீட்டில் இருந்தால் கூடவே கொண்டுபோங்கள்.

தும்மல், மூக்கொழுக்கு: வீட்டில் யாருக்காவது ஃப்ளூ இருக்கிறதா பாருங்கள். மனித ஃப்ளூ இதற்கு அப்படியே தொற்றும். 1933-ல் லண்டன் விஞ்ஞானிகள் மனித இன்ஃப்ளூயன்சா வைரஸைப் பிடித்ததே ஃபெரெட்டுகளை வைத்துத்தான். தின்றுகொண்டிருந்தால் இரண்டு நாள் பொறுக்கலாம், வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் பொறுக்கக் கூடாது. தாடையில் சிவந்த தடிப்பு, கண்ணில் பொருக்கு, பாதம் தடித்துக் கெட்டியாவது என்று சேர்ந்து வந்தால் நாய்களுக்கும் வரும் கொடிய வைரஸ் நோயான டிஸ்டெம்பராக இருக்கலாம். தடுப்பூசி போடாத ஃபெரெட் பிழைப்பது அபூர்வம். காத்திருப்பு அறைக்குள் தூக்கிக்கொண்டு போகாமல் காரிலிருந்தே போன் செய்யுங்கள்.

பாராசிட்டமால், ஐபுபுரூஃபென் இரண்டையும் கைக்கெட்டும் தூரத்தில்கூட வைக்காதீர்கள். குழந்தைக்கான அளவுதானே என்று கொடுத்துக் கொன்றவர்கள் இருக்கிறார்கள்.

பணம் பிடுங்கும் இடங்களில் ஒன்று மண்ணீரல். வயதான ஃபெரெட்டின் வயிற்றைத் தடவினால் பல நேரம் பெரிய மண்ணீரல்தான் கைக்குத் தட்டுப்படும், அதில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. பெரிதாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அகற்றச் சொன்னால், ஊசியால் செல் எடுத்துப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். ரத்தசோகை என்றும் சேர்த்துச் சொன்னால், ரத்தம் எடுத்தது மயக்கத்தில் இருக்கும்போதா என்று விசாரியுங்கள். ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க வாயு கொடுத்த சில நிமிஷத்தில் சிவப்பணுக்கள் மண்ணீரலில் போய்த் தேங்கும், ரிப்போர்ட்டில் இல்லாத ரத்தசோகை வந்துவிடும்.

இன்னொன்று பெயர்ப்பலகை. எக்ஸாட்டிக் பிராணிகளில் (நாய், பூனை அல்லாத வளர்ப்புப் பிராணிகள்) ஆர்வம் உண்டு என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம், அது படிப்பு இல்லை. பிரிட்டனில் ஸ்பெஷலிஸ்ட் என்று போட்டுக்கொள்ள கால்நடை டாக்டர்களை ஒழுங்குபடுத்தும் ராயல் காலேஜ் ஆஃப் வெட்டரினரி சர்ஜன்ஸ் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலை யாரும் பார்க்கலாம். ஃபெரெட் நன்றாக இருக்கும்போதே இரண்டு கேள்வி கேட்டு வையுங்கள்: மாதத்தில் எத்தனை ஃபெரெட் பார்க்கிறீர்கள், அறுவைக்கு முன் எத்தனை மணி நேரம் பட்டினி? இரண்டாவதற்கு வரும் பதிலிலேயே பாதி தெரிந்துவிடும். பழக்கமில்லை என்று அவசரத்தில் கைவிரிக்கவும் கூடாது. 24 மணி நேரமும் தங்கள் திறமைக்கு உட்பட்ட அவசர முதலுதவிக்கும் வலி நிவாரணத்துக்கும் வழி செய்ய வேண்டும் என்பது அதே காலேஜின் நடத்தை விதி. ஈறில் சர்க்கரை தடவவும் சலைன் ஏற்றவும் தனிப்படிப்பு தேவையில்லை.

போனில் "டல்லா இருக்கு" என்று ஆரம்பிக்காதீர்கள், அதற்கு வரும் பதில் திங்கள்கிழமைதான். வயது, எடை, கடைசியாகச் சாப்பிட்ட மணி, கடைசி மலம் எப்போது என்ன நிறம், ஈறின் நிறம், இந்த வரிசையில் சொல்லிவிட்டு, டாக்டரிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்று முடியுங்கள். பேசியவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வெறித்த பார்வையையும் தள்ளாட்டத்தையும் வீடியோ எடுத்து வையுங்கள். கிளினிக் மேஜையில் பயத்தில் விறைத்து நிற்கும்போது அது எதையும் காட்டாது. சமையலறைத் தராசில் வாரம் ஒரு தடவை எடை போட்டு எழுதிவைத்த நோட்டும் உதவும். இலையுதிர் காலத்தில் ஏறி வசந்தத்தில் இறங்குவது இயல்பு என்பதால், போன வருஷ எண் இல்லாமல் இந்த வருஷ எண்ணுக்கு அர்த்தமில்லை.

தவறு நடந்துவிட்டால் சிகிச்சைப் பதிவின் நகலைக் கேட்டு வாங்கலாம், கிளினிக் தரவேண்டும். முதலில் கிளினிக் நிர்வாகத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். அதில் தீராவிட்டால் வெட்டரினரி கிளையன்ட் மீடியேஷன் சர்வீஸ் இலவசமாகச் சமரசம் பேசும். ராயல் காலேஜ் பணத்தைத் திருப்பி வாங்கித் தராது, டாக்டரின் நடத்தையை மட்டுமே விசாரிக்கும். மேலே சொன்ன 1.4 கிலோ ஃபெரெட்டின் பதிவும் அப்படித்தான் கைக்கு வந்தது. வெள்ளிக்கிழமை மாலை 6.12-க்கு ஒரே வரி: வாயில் ஏதோ சிக்கியிருக்கலாம், 10 மணி முதல் பட்டினி, நாளை 8.30. ஆலோசித்த டாக்டர் என்ற கட்டம் காலியாக இருந்தது.