பழைய பாலிசியைத் தேடித் தரும் ‘இன்சூரன்ஸ் ஆர்க்கியாலஜி’ சேவை: காசுக்குத் தகுமா?

அமெரிக்காவில் ஒரு காலத்தில் ட்ரை கிளீனிங் கடையோ உலோக முலாம் பட்டறையோ நடந்த இடத்தை வாங்கியவர்களுக்கு வரும் தலைவலி இது. நிலத்தடி நீரில் பெர்க் எனப்படும் சலவைக் கரைப்பான் இருப்பதாக ஆய்வறிக்கை வரும். குடிநீரில் அதற்கு மத்திய அரசு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம்தான். 1980-இல் வந்த சூப்பர்ஃபண்ட் சட்டப்படி, கொட்டியவரோடு இன்றைய உரிமையாளரும் பொறுப்பில் மாட்டலாம். இன்று கையில் இருக்கும் பாலிசியைப் புரட்டினால், மாசு என்றாலே கிடையாது என்று எழுதியிருக்கும். பழைய பாலிசியைத் தேடித் தருபவர்களுக்கு வேலை வருவது இந்த இடத்தில்தான்.

அவர்கள் தேடுவது 1986-க்கு முந்தைய பொதுப் பொறுப்பு பாலிசிகளை, அதாவது சிஜிஎல்: தொழிலால் பிறருக்கு வரும் சேதத்துக்கு ஈடு தருபவை. சேதம் பாலிசி ஓடிய ஆண்டில் நடந்திருந்தால் போதும், கோரிக்கை 40 ஆண்டு கழித்து வந்தாலும் அந்தப் பாலிசி பதில் சொல்ல வேண்டும். காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாகப் பயன்படுத்திய அச்சுப் படிவத்தின் 1973 பதிப்பில், ‘திடீரென்றும் எதிர்பாராமலும்’ நடந்த கசிவுக்கு மட்டும் இடம் விட்டு மாசு விலக்கை, அதாவது மாசுக்குப் பணம் தர மாட்டோம் என்ற நிபந்தனையை, சேர்த்தார்கள். ‘திடீர்’ என்ற அந்த ஒரு சொல்லுக்கு ஒவ்வொரு மாநில நீதிமன்றமும் ஒவ்வொரு பொருள் சொன்னது. 1986 படிவம் அந்த வாசலையும் அடைத்துவிட்டது. இண்டியானா உச்ச நீதிமன்றம் 1996-இல் கைகர் வழக்கில் புதிய விலக்கையும் தெளிவற்றது என்று சொன்னதால், அங்கே பிந்தைய பாலிசிகளையும் தேடுவதில் அர்த்தம் உண்டு.

பாலிசிக் காகிதம் முழுசாகக் கிடைப்பது அபூர்வம். கிடைப்பதெல்லாம் துணைச் சான்றுதான். 1974 கணக்குப் பேரேட்டில் ஒரு வரி: தேதி, காசோலை எண், ஏஜெண்ட் பெயர், தொகை, பக்கத்தில் ‘பொறுப்பு பிரீமியம்’ என்று ஒரு கிறுக்கல். இது மட்டும் போதாது. அதே ஆண்டு குத்தகைக் கோப்பில் வீட்டுக்காரருக்குக் கொடுத்த காப்பீட்டுச் சான்றிதழ் கிடைத்தால் பாலிசி எண், காலம், வரம்பு (நிறுவனம் தரும் அதிகபட்சத் தொகை) மூன்றும் வந்துவிடும். எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்துகளை வைத்து எந்த வகைப் பாலிசி என்று சொல்லிவிடலாம். அந்த ஆண்டின் அச்சுப் படிவத்தைப் பக்கத்தில் வைத்தால் நிபந்தனைகளும் தெரிந்துவிடும். நல்ல நிறுவனம் என்றால் இந்தப் பழைய படிவங்களைச் சேர்த்து வைத்திருக்கும். பணம் கொடுக்க வேண்டியதே இந்தச் சேகரிப்புக்குத்தான். பேரேட்டை நாமே புரட்டிக்கொள்ளலாம்.

தேட வேண்டிய மற்ற இடங்கள்: வங்கிக் கடன் கோப்பு, அரசு ஒப்பந்தக் கோப்பு, பழைய விபத்துக் கோரிக்கைக் கடிதங்கள், இயக்குநர் கூட்டக் குறிப்பு, ஓய்வு பெற்ற ஏஜெண்டின் பரண். காப்பீட்டு நிறுவனமும் பெயர் மாறியிருக்கும். ஏட்னாவின் சொத்து, விபத்துப் பிரிவு 1996-இல் டிராவலர்ஸிடம் போனது. இந்த வம்சாவளியைச் சரியாகப் பிடிக்காத அறிக்கையை வைத்து நோட்டீஸ் அனுப்பினால், தவறான முகவரிக்குப் போய்ச் சேரும்.

அறிக்கை நல்லதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஆண்டுவாரியாக ஓர் அட்டவணை இருக்க வேண்டும்: அடிப்படைப் பாலிசி, அதன் வரம்பு தீர்ந்த பிறகு கைகொடுக்கும் அம்ப்ரெல்லா என்ற கூடுதல் பாலிசி, வரம்பு, ஒவ்வொன்றுக்கும் என்ன சான்று. அம்ப்ரெல்லாவை விட்டுவிட்ட அட்டவணை அரைவேலை, ஏனென்றால் அந்தக் காலத்து அடிப்படைப் பாலிசிகளின் சொத்துச் சேத வரம்பு இன்றைய சுத்திகரிப்புச் செலவுக்கு முன்னால் மிகச் சிறியது. ஆனால் பல பழைய படிவங்களில் வழக்கு நடத்தும் செலவு அந்த வரம்பில் கழியாது. சிறிய பாலிசி என்று தூக்கிப் போடாதீர்கள்.

இனி, கெடுவது எங்கே? முதலாவது, அவசரச் செலவு. காப்பீட்டு நிறுவனத்துக்கு நோட்டீஸ் போகும் முன் செய்த செலவைத் ‘தானாகக் கொடுத்தது’ என்று தள்ளிவிடுவார்கள். முழு அறிக்கை வரட்டும் என்று காத்திருக்காமல், முதல் சான்று கிடைத்த வாரமே நோட்டீஸ் போக வேண்டும். இதைச் சொல்லாமல் ஆறு மாதம் தேடிக்கொண்டே இருக்கும் சேவை நஷ்டத்தில்தான் கொண்டுபோய் விடும். இரண்டாவது, சொந்த இடத்துக்கான விலக்கு. மண் உங்களுடையது, அதற்குத் தர மாட்டோம் என்பார்கள். பல மாநிலங்களில் நிலத்தடி நீரை உங்கள் சொத்தாகக் கருதுவதில்லை. ஆகவே நிலத்தடி நீரின் மாசைக் காட்டும் கண்காணிப்புக் கிணற்று அளவுகள்தான் கோரிக்கையின் முதுகெலும்பு. மூன்றாவது, பாலிசி யாருடையது என்பது. பழைய கடைக்காரர் எடுத்த பாலிசி, இடத்தை வாங்கியதால் மட்டும் உங்களுக்கு வந்துவிடாது. பெரும்பாலும் அவர்மேல் கோரிக்கை வைத்து, அவருடைய பாலிசி வழியாகத்தான் பணத்தை எட்ட முடியும்.

மாநிலமும் கணக்கை மாற்றும். கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 2012-இல், நீடித்த சேதத்துக்குப் பல ஆண்டுப் பாலிசிகளின் வரம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க இடம் கொடுத்தது. மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் 2009-இல், சேதத்தை ஆண்டுகளுக்கு இடையே பிரித்துப் போடும் ஆண்டுவாரிப் பங்கீட்டைத் தேர்ந்தது. அங்கே பாலிசி இல்லாத ஆண்டின் பங்கு உங்கள் தலையில் விழலாம்.

கட்டணத்தில், தேடலுக்கு மட்டும் ஒரு நிலையான தொகை என்பதே நல்ல ஏற்பாடு. கிடைக்கும் பணத்தில் சதவீதம் கேட்பவர்கள் சீக்கிரம் சமரசம் பேசி முடிக்கப் பார்ப்பார்கள். சமரசத்தில் பாலிசியையே நிறுவனம் திரும்ப வாங்கிக்கொண்டால், பிறகு அண்டை வீட்டுக்காரர் வழக்குப் போட்டாலும் அந்தப் பாலிசி உதவாது.

1986-க்குப் பிறகு தொடங்கிய தொழில் மட்டுமே இருந்த இடமென்றால், இண்டியானா போன்ற விதிவிலக்கு தவிர, இந்தச் சேவைக்குச் செலவழிக்க வேண்டாம். 1950 முதல் 1985 வரை அங்கே ஏதாவது கடை ஓடியிருந்தால், பழைய நகர டைரக்டரியில் கடையின் பெயரைப் பார்த்துக்கொண்டு பிறகு அழையுங்கள். அந்தப் பெயர் இல்லாமல் எந்த நிறுவனமும் தேடலைத் தொடங்க முடியாது.