ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு வழுக்காத சீட்: மாற்றி ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தவை

கொல்லிமலையில் காரவள்ளியிலிருந்து மேலே ஏறும்போது யாருக்கும் சீட் ஞாபகம் வராது. அதே 70 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கும்போதுதான் வரும். ஒவ்வொரு வளைவுக்கு முன்பும் பிரேக் பிடிக்கப் பிடிக்க உடம்பு முன்னால் நகர்ந்து டேங்கில் முட்டும். பின்னால் தள்ளி உட்கார்ந்தால் அடுத்த வளைவில் மறுபடியும் அதே கதை. பாதி மலை இறங்குவதற்குள் பாரம் முழுக்க உள்ளங்கையில் வந்து நிற்கும், மணிக்கட்டு கெஞ்ச ஆரம்பித்துவிடும். முட்டுகிற இடம் ஆண்களுக்கு எவ்வளவு சங்கடமான இடம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

என்னுடையது முழு ஃபேரிங் (வண்டியை மூடும் வெளி உறை) போட்ட, கிளிப்-ஆன் ஹேண்டில் (ஃபோர்க்கிலேயே தனித்தனியாக மாட்டிய தாழ்வான கைப்பிடி) உள்ள சின்ன ஸ்போர்ட்ஸ் பைக். எந்த மாடல் என்பது இங்கே பெரிய விஷயமில்லை. ஆர்15, ஆர்சி 200, ஆர்ஆர் 310, நிஞ்ஜா 300 என எதை எடுத்தாலும் இந்த வகை பைக்கில் உட்காரும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். ஹேண்டில் தாழ்ந்திருக்கும், கால் வைக்கும் பெக் பின்னால் ஏறியிருக்கும், சீட் டேங்கை நோக்கிச் சற்றே சரிந்திருக்கும். மேலே ஒரு வழவழப்பான ரெக்சின். துடைத்தால் சுத்தமாகிவிடும், மழைத் தண்ணீர் இறங்காது, பல வருடம் கிழியாது என்பதற்காகப் போடுவது அது. பிடிப்பு அந்தப் பட்டியலில் கடைசிதான்.

எல்லாரும் முதலில் நினைப்பது 'நல்ல கிரிப் உள்ள கவர் போட்டால் சரியாகிவிடும்' என்பது. பாதிதான் சரி. பள்ளியில் படித்த உராய்வுக் குணகத்தை (இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று எவ்வளவு பிடிக்கும் என்று சொல்லும் எண்) ஒரு நிமிஷம் ஞாபகப்படுத்திக்கொண்டால் மீதிப் பாதி விளங்கும். புவியீர்ப்பில் பாதி அளவு வேகக் குறைப்போடு பிரேக் பிடிக்கிறோம் என்று வையுங்கள். நல்ல சாலையில் கொஞ்சம் அழுத்தமாகப் பிடித்தாலே அது வந்துவிடும். 70 கிலோ ஆளை அப்போது சுமார் 35 கிலோ விசை முன்னால் தள்ளுகிறது. சீட் மட்டமாக இருந்தால், கையும் காலும் உதவாமலே நகராமல் உட்கார 0.5 குணகம் போதும். சீட் 5 டிகிரி முன்னால் சரிந்திருந்தால் 0.6-க்கு மேல் வேண்டும். 10 டிகிரி என்றால் கிட்டத்தட்ட 0.75. பிரேக் பிடிக்கும்போது முன் ஃபோர்க் அமுங்கி வண்டியே மூக்கைக் குனிகிறது, அதில் இன்னும் இரண்டு மூன்று டிகிரி சேரும். மலை இறக்கம் என்றால் சாலையின் சரிவு வேறு. துணியும் ரெக்சினும் சேர்ந்து இவ்வளவையும் தாங்க வேண்டும், அதுவும் வியர்வையிலும் மழையிலும். அதனால் சரிவைக் குறைக்காமல் வெறும் கவரை மட்டும் மாற்றுவது பாதி வேலைதான்.

ரெடிமேட் சீட் வாங்கலாமா என்று பார்த்தேன். அமெரிக்காவில் கார்பின், சார்ஜென்ட், சேடில்மென் போன்ற பெயர்கள் இதில் பழம் தின்று கொட்டை போட்டவை. கனடாவின் லூயிமோட்டோ, இருக்கிற ஃபோம் மேலேயே இழுத்து மாட்டுகிற மாதிரி மாடல் வாரியாகக் கவர் தைத்துக் கொடுக்கிறது. உட்காரும் பகுதியில் ஸ்வேட் (மெல்லிய ரோமம் எழும்பிய தோல்) மாதிரியான சொரசொரப்புத் துணி, ஓரங்களில் வேறு துணி. வேலைப்பாடு அருமை. ஆனால் இவர்களுடைய கவனம் பெரும்பாலும் 600 சிசி, 1000 சிசி வண்டிகள் மீதுதான். நம் ஊரில் ஓடும் சின்ன வண்டிகளுக்குக் கிடைப்பது குறைவு. கிடைத்தாலும் அனுப்பும் செலவும் சுங்க வரியும் சேர்ந்து வண்டியின் விலையோடு ஒப்பிட்டால் மனசு ஒப்பவில்லை. ஆன்லைனில் கிடைக்கும் வலைக் கவர் இன்னொரு வழி. காற்றோட்டம் நன்றாக இருக்கும், நீண்ட பயணத்தில் சூடு தெரியாது, நெடுஞ்சாலையில் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறவர்களுக்குத் தாராளமாகச் சொல்லலாம். ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு வேண்டாம். எலாஸ்டிக்கில் நிற்கும் கவர் பிரேக் பிடித்தால் நம்மோடு சேர்ந்து அதுவும் முன்னால் வந்துவிடும்.

ஆகக் கடைசியில் நம் குஷன் ஒர்க்ஸ்தான். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டை பக்கம் போனால் சீட் வேலை செய்பவர்களுக்குப் பஞ்சமில்லை. நான் போனது எங்கள் ஏரியாவிலேயே இருந்த ஒரு சின்னக் கடை. ஆட்டோ சீட், சோபா, டாக்டர் வீட்டு பெஞ்ச் எல்லாம் ஒரே கூரையின் கீழ். கடைக்காரர் சீட்டை வாங்கிக் குப்புறப் போட்டு, ஸ்டேப்ளர் பின்களை ஒவ்வொன்றாக ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தார். ரெக்சினை உரித்ததும் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஃபோமை முன்னும் பின்னுமாக அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, ஃபோம் பின்னாடி கெட்டியா இருக்கு, மூக்குக்கிட்ட உக்காந்துபோச்சு. நீங்க சறுக்கலை, பள்ளத்துல இறங்குறீங்க."

நான் மேலே சொன்ன டிகிரிக் கணக்கையெல்லாம் அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

சீட்டின் மூக்கில், அதாவது டேங்க் ஓரமான முன் பகுதியில், கெட்டியான ரீபாண்டட் ஃபோமில் (ஃபோம் துணுக்குகளை ஒட்டி அழுத்திச் செய்தது) ஆப்பு மாதிரி ஒரு துண்டு சேர்க்கச் சொன்னேன். டேங்க் பக்கம் ஒரு சென்டிமீட்டர் தடிமன், பின்னால் வரவரத் தேய்ந்து ஒன்றுமில்லாமல் போக வேண்டும். அவர் அதைப் பசை போட்டு ஒட்டி, கிரைண்டரில் மணல் தாள் சக்கரத்தை மாட்டி மேடு தெரியாமல் இழைத்துக் கொடுத்தார். அந்தத் தூளில் கடையே மஞ்சளாகிவிட்டது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: மூக்கை உயர்த்தலாம், அகலப்படுத்தக் கூடாது. 810, 815 மில்லிமீட்டர் உயர சீட்டில் சராசரி உயரக்காரருக்குக் கால் தரையில் எட்டுவதே சீட்டின் முன்பக்கம் ஒடுங்கியிருப்பதால்தான். அங்கே இரண்டு பக்கமும் கொஞ்சம் சதை வைத்தால்கூட சிக்னலில் நுனிக்காலில் நிற்க வேண்டியிருக்கும்.

அடுத்தது மேல் துணி. கடையில் தொங்கிய மாதிரிகளில் பாதிக்கு மேல் கார்பன் டிசைன் ரெக்சின். பார்த்தால் ரேஸ் பைக், தொட்டால் பழைய வழுக்கல். கோடு கோடாக அச்சடித்திருக்கிறார்களே தவிர மேற்பரப்பு அதேதான். இதைக் கண்ணால் தீர்மானிக்க வேண்டாம் என்று ஒரு சோதனை செய்தேன். ஒவ்வொரு மாதிரியையும் பலகையில் ஒட்டி, அதன் மேல் ஜீன்ஸ் துண்டு சுற்றிய ஒரு செங்கலை வைத்து, பலகையின் ஒரு முனையை மெல்லத் தூக்கினால் போதும். எந்தச் சாய்வில் செங்கல் நழுவுகிறதோ அதுதான் அந்தத் துணியின் பிடிப்பு. 45 டிகிரி வரை நின்றால் குணகம் 1. அதையே தண்ணீர் தெளித்து இன்னொரு தடவை செய்ய வேண்டும், ஏனென்றால் அங்கேதான் வரிசை மாறுகிறது. காய்ந்திருக்கும்போது ஸ்வேட் முதலிடம், ரப்பர் மாதிரி பொடிப் புள்ளிகள் எழும்பிய ரெக்சின் இரண்டாமிடம். நனைந்ததும் வழவழ ரெக்சினும் கார்பன் ரெக்சினும் செங்கலைச் சீக்கிரமே கைவிட்டன. புள்ளி ரெக்சின் மட்டும் பெரிதாக மாறாமல் நின்றது. ஸ்வேட்டும் நின்றது, ஆனால் தண்ணீரைக் குடித்துவிட்டு நின்றது. அந்த வேறுபாட்டை மழைக்காலத்தில் நம் பின்பக்கம் உணரும்.

அதனால் உட்காரும் நடுப்பகுதிக்கும் பின்னால் முதுகு முட்டுகிற சின்ன மேட்டுக்கும் புள்ளி ரெக்சின், தொடை உரசும் இரண்டு ஓரங்களுக்கும் சாதாரண ரெக்சின் என்று இரண்டாகப் பிரித்துத் தைக்கச் சொன்னேன். தையல் எங்கே வருகிறது என்பதில் கடைக்காரரோடு சின்ன வாக்குவாதம். அழகுக்காக நடுவில் குறுக்கே சிவப்பு நூலில் மூன்று கோடு போட வேண்டும் என்பது அவர் ஆசை. உட்காருகிற இடத்தில் ஊசித் துளை இருந்தால் அதன் வழியே தண்ணீர் ஃபோமுக்குள் இறங்கும். இறங்கினால் லேசில் காயாது. மேலே வெயில் காய்ந்தாலும் உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் உள்ளே இருப்பது வெளியே வரும். கடைசியில் தையலை ஓரத்துக்குத் தள்ளி, உள்பக்கம் பசை தடவி, ஃபோமுக்கும் ரெக்சினுக்கும் நடுவே ஒரு மெல்லிய பாலித்தீன் தாளும் விரித்தார். சிவப்பு நூலைப் பின் மேட்டில் போட்டுத் திருப்திப்பட்டுக்கொண்டார். ஸ்டேப்ளர் பின் அடிக்கும்போது துருப்பிடிக்காத எஃகு பின் கேளுங்கள். சாதாரணப் பின் ஒரு மழையிலேயே பழுப்பேறும், பிறகு ஒவ்வொன்றாகப் பிடிப்பை விடும். முழு வேலையும் இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

இனி, ஓட்டிய கதை. முதல் வாரமே வித்தியாசம் தெரிந்தது, ஆனால் எதிர்பார்த்த இடத்தில் இல்லை. பிரேக்கில் நிற்பது சரி, அதற்காகத்தானே செய்தோம். நகரத்து டிராஃபிக்கில், நின்று நின்று போகும்போது மணிக்கட்டு வலி குறைந்ததுதான் பெரிய ஆச்சரியம். சறுக்கலைத் தடுக்கக் கை தன்னையறியாமல் ஹேண்டிலைத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த வேலை போனதும் கை தளர்ந்தது. கை தளர்ந்தால் ஹேண்டில் லேசாகும், வளைவில் வண்டி சொன்னபடி கேட்கும்.

ஆனால் பிடிப்பு கூடினால் ஒரு விலையும் உண்டு. வளைவுக்கு முன் அரை உடம்பை உள்பக்கம் நகர்த்தி உட்காரும் பழக்கம் உள்ளவர்கள் முதல் சில நாள் எரிச்சலடைவார்கள். வழவழ சீட்டில் இடுப்பை அப்படியே இழுத்துவிடலாம். இதில் பேன்ட் சீட்டிலேயே நிற்கும், ஆள் மட்டும் பேன்ட்டுக்குள் நகர்வார். பெக்கில் கால் ஊன்றி உடம்பை ஒரு நூல் தூக்கி நகர வேண்டும். சரியான முறையும் அதுதான்; பந்தய வண்டிகளில் ஃபைபர் சீட்டின் மேல் வெறும் ஒரு சென்டிமீட்டர், இரண்டு சென்டிமீட்டர் நியோப்ரீன் போன்ற ஃபோமை ஒட்டி ஓட்டுகிறவர்கள் எல்லாரும் காலால்தான் நகர்கிறார்கள். சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் லெதர் சூட்டோடு ஓட்டியபோது ஓரங்களுக்குச் சாதாரண ரெக்சின் கேட்டது எவ்வளவு நல்லது என்று தெரிந்தது. முழுக்கப் புள்ளி ரெக்சின் போட்டிருந்தால் தொடையைத் திருப்பவே மல்லுக்கட்ட வேண்டியிருந்திருக்கும்.

டேங்க் பேட் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சீட்டை மட்டும் புகழ்ந்தால் பொய்யாகிவிடும். டேங்கின் இரண்டு பக்கமும் முட்டி படும் இடத்தில் ஒட்டுகிற ரப்பர் பேட் இருக்கிறதே, ஸ்டாம்ப்கிரிப், டெக்ஸ்பெக் வகையறா, பிரேக்கில் பாதி வேலையை அதுதான் செய்கிறது. முழுப் பிரேக்கில் புவியீர்ப்பில் 0.8 அளவு வேகக் குறைப்பு வந்தால் அதே 70 கிலோ ஆளை முன்னால் தள்ளுவது 56 கிலோ விசை. எந்தத் துணியும் தனியாக அதைத் தாங்காது, தொடையும் முட்டியும் டேங்கை இறுக்கிப் பிடித்தே ஆக வேண்டும். கையில் காசு குறைவாக இருந்தால் சீட்டுக்கு முன் பேட்டை வாங்குங்கள். ஒட்டுவதற்கு முன் டேங்கில் மெழுகு, பாலிஷ் எதுவும் இல்லாமல் சுத்தமாகத் துடைக்க வேண்டும். இல்லையென்றால் சித்திரை வெயிலில் ஒரு ஓரம் சுருண்டு எழும்பி, ஜீன்ஸில் கறுப்புப் பசையை அப்பிவிடும்.

மாதங்கள் ஓடிய பிறகு சீட் எப்படி இருக்கிறது? ஃபோம் ஆப்பு இன்னும் அமுங்கவில்லை, மூக்கை அமுக்கிப் பார்த்தால் கெட்டியாகவே இருக்கிறது. புள்ளிகள் நான் அதிகம் உட்காரும் இடத்தில் மட்டும் தேய்ந்து பளபளக்கத் தொடங்கியிருக்கின்றன. பிடிப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஆனால் பழைய சீட்டின் வழுக்கலுக்கு இன்னும் வெகு தூரம். புள்ளிகளுக்கு நடுவே புழுதி சேரும், பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போதும். பளபளப்புக்காகப் பூசும் டேஷ்போர்டு பாலிஷை மட்டும் சீட் பக்கம் கொண்டு போகாதீர்கள். வாட்டர் வாஷ் கடையில் விட்டால் கேட்காமலே பூசிவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் கறுப்பு ரெக்சின் சுடுவது பழையபடிதான். ஜீன்ஸின் பின்புறம் சீக்கிரம் நூல் நூலாகிறது என்பது உண்மை. ரைடிங் பேன்ட் போடுகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

பின் சீட்டை அப்போது மாற்றவில்லை. இப்போது பிரேக் பிடித்தால் நான் நிற்கிறேன், மேலே மேடையில் உட்கார்ந்திருக்கும் மனைவி வழுக்கிக்கொண்டு வந்து என் முதுகில் மோதுகிறார். "உங்க சீட்டுக்கு மட்டும் செலவு பண்ணுவீங்களா?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாததால், அதே கடையில் மிச்சமிருந்த புள்ளி ரெக்சினை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். பின் சீட்டுக்கு ஃபோம் வேலை எதுவும் தேவைப்படாது என்கிறார் கடைக்காரர்; சிவப்பு நூல் மட்டும் கட்டாயம் போட்டே ஆவேன் என்கிறார்.