பூட்டுப் பையா, இரும்புப் பெட்டியா: அந்தரங்கப் பொருட்களை வைக்க எது ஏற்றது?

வைப்ரேட்டர், லூப்ரிகன்ட், ஆணுறை போன்றவற்றை நாலு பேர் புழங்கும் வீட்டில் பத்திரமாக வைக்கப் பெரும்பாலும் மூன்று பொருட்களைத்தான் வாங்குகிறார்கள்: நம்பர் பூட்டு வைத்த ஜிப் பை, சாவி போடும் இரும்புக் கேஷ் பாக்ஸ், கைரேகைப் பெட்டி. துணி அடுக்குக்கு அடியில் ஒளிப்பதைவிட மூன்றுமே மேல். அலமாரியை ஒழுங்குபடுத்துகிற கை எப்போதும் நம்முடையதாகவே இருக்காது.

ஜிப் பை சத்தம் போடாது, பயணப் பெட்டிக்குள்ளும் அடங்கும். ஆனால் அதன் பூட்டை அதிகம் நம்பக் கூடாது. மூன்று சக்கரப் பூட்டில் மொத்தமே 1000 எண்கள். இரண்டு நொடிக்கு ஒன்றாகத் திருப்பினால் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. மலிவான பூட்டு என்றால் கொக்கியை இழுத்துப் பிடித்தபடி சக்கரத்தைச் சுழற்றும்போது சரியான எண்ணில் லேசாகத் தடுக்கும். அதை வைத்தே திறந்துவிடலாம். ஜிப் அதைவிட மோசம். சுருள் வகை ஜிப்பின் நடுவில் பேனா முனையை அழுத்தினால் பிளந்துகொள்ளும். இழுப்பானை ஓட்டினால் மறுபடி மூடிக்கொள்ளும். திறந்த தடயமே இருக்காது. தனித்தனிப் பற்கள் உள்ள தடித்த ஜிப்பாகப் பார்த்து வாங்குங்கள். பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில், தற்செயலாகக் கண்ணில் படாமலிருக்க இந்தப் பை போதும்.

குழந்தைகள் இருந்தால் போதாது. சின்ன வைப்ரேட்டர்கள் சிலவற்றில் பட்டன் பேட்டரி இருக்கும். குழந்தை அதை விழுங்கினால் உணவுக்குழாய் சில மணி நேரத்திலேயே வெந்து புண்ணாகிவிடும். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அவசரம் அது. இந்த ஒரு காரணத்துக்காகவே கெட்டியான பெட்டிதான் வேண்டும் என்கிறோம்.

கேஷ் பாக்ஸ் நல்ல தேர்வு, அளவு சரியாக இருந்தால். நீண்ட கைப்பிடியுள்ள பெரிய வாண்ட் வகை மசாஜர் சுமார் 30 செ.மீ. நீளம் வரும். கடையில் போட்டிருப்பது பெரும்பாலும் வெளி அளவு. உள் அளவைக் கேளுங்கள். உங்களிடம் உள்ள மிக நீளமான பொருளைவிட 2 செ.மீ. கூடுதலாக இருக்கட்டும். இரும்பின் பெரிய குறை ஒலி. உள்ளே தவறுதலாக வைப்ரேட்டர் ஓடத் தொடங்கினால் பெட்டி முழுதும் அதிர்ந்து அடுத்த அறை வரை கேட்கும். அடியிலும் பக்கங்களிலும் ஃபோம் ஒட்டுங்கள். கழற்றும் பேட்டரி என்றால் கழற்றியே வையுங்கள். சார்ஜ் ஏற்றுபவை பலவற்றில், தவறுதலாக ஓடாமல் தடுக்கும் பயணப் பூட்டு உண்டு. பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் விழும். மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் கையேட்டைப் பாருங்கள்.

கைரேகைப் பெட்டியை எங்களால் பரிந்துரைக்க முடியவில்லை. பல மாடல்கள் திறக்கும்போது பீப் ஒலி எழுப்புகின்றன. அதை நிறுத்த வழியுண்டா என்று வாங்கும் முன் பார்க்க வேண்டும். ஈர விரலைப் பல நேரம் ஏற்காது. பேட்டரி தீர்ந்தால் அவசரச் சாவிதான் கதி. ஆக, ஒளித்து வைக்க ஒரு சாவி இங்கேயும் வந்துவிடுகிறது.

எந்தப் பெட்டியானாலும் உள்ளே காற்றோட்டம் குறைவு. ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும். வாசனையில்லாத சோப்பால் கழுவி, துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் ஒவ்வொன்றையும் தனித்தனிப் பருத்திப் பையில் போடுங்கள். சிலிகானும் ஜெல்லி போன்ற மலிவு ரப்பரும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால் மேற்பரப்பு பிசுபிசுத்து உருகலாம். லூப்ரிகன்ட் பாட்டிலை நிமிர்த்தி, தனி ஜிப்லாக் கவரில் வையுங்கள். அது எண்ணெய் சார்ந்ததானால் லேடெக்ஸ் ஆணுறையில் படவே கூடாது, பட்டால் உறை பலமிழந்து கிழியும். இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் ஈரப்பதம் குறையும். அவையும் குழந்தை கைக்கு எட்டாமல் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

பரண்மேல் வைக்காதீர்கள். கூரைச் சூடு ஆணுறையையும் லித்தியம் பேட்டரியையும் சீக்கிரம் கெடுக்கும். நெடுநாள் எடுக்கப்போவதில்லை என்றால் பேட்டரியைப் பாதி சார்ஜில் விடுங்கள்.

எங்கள் தேர்வு: ஃபோம் ஒட்டிய, நான்கு சக்கர நம்பர் பூட்டுள்ள கெட்டிப் பெட்டி. 10,000 எண்கள், தொலைக்கச் சாவி இல்லை. புது எண் வைத்ததும் மூடியைத் திறந்து வைத்தபடியே மூன்று முறை பூட்டிப் பாருங்கள். எண் மாற்றும் நெம்புகோலைப் பழைய இடத்துக்குத் தள்ள மறந்தால், சக்கரம் சுழலும்போது எண்ணும் தானாக மாறிவிடும். பிறந்த வருடம் வேண்டாம், வீட்டில் முதலில் முயல்வது அதைத்தான்.